பாறை தேக்கிய நீர்: துர்கம் செருவும் அதன் கரைப் புறநகரும்

துர்கம் செருவு ஹைதராபாத்தின் மேற்கே, மாதாப்பூருக்கும் ஜூபிலி ஹில்ஸுக்கும் நடுவில் கிடக்கும் ஏரி. பரப்பு ஏறக்குறைய 80 ஏக்கர். நகரம் கடலிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உள்ளே, சராசரியாக 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே இங்கே கரையோரப் புறநகர் என்றால் ஏரிக்கரைப் புறநகர்தான். அலுவலகக் கோபுரங்கள் சூழ்ந்த இந்த ஏரியின் குறுக்கே 2020 செப்டம்பரில் கம்பிவடப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. இரவில் வண்ண விளக்குகளோடு நிற்கும் அந்தப் பாலத்தைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு இருபுறமும் உள்ள பாறைகள் வெறும் பின்னணி. ஏரி இந்த இடத்தில் இருப்பதற்குக் காரணமே அந்தப் பாறைகள்தான். இந்தப் புறநகரின் மண், மரம், ஓணான், வெள்ளம், வற்றிப்போன ஆழ்துளைக் கிணறு என எதை விளக்கப் புகுந்தாலும் பாறையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஹைதராபாத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் கிரானைட். தென்னிந்தியாவுக்கு அடித்தளமான தார்வார் நிலத்திணிவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இந்தக் கல்லுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். காற்றில் ஆக்சிஜன் கணிசமாகச் சேரத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அப்படியானால் இந்தப் பாறை இறுகிய காலத்தில், சுவாசிக்கத் தக்க காற்று பூமியில் எங்கும் கிடையாது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கி 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. மூசி ஆறு பிறக்கும் விகாராபாத் அனந்தகிரி மலைப்பக்கம் போனால் கருநிற எரிமலைப் பாறை தொடங்கிவிடும். அதற்கும் வயது ஏறக்குறைய 6.6 கோடிதான். ஹைதராபாத்தின் கிரானைட்டோடு ஒப்பிட்டால் இரண்டுமே நேற்றைய கதை.

கிரானைட் நிலத்துக்கு மேலே உருவாவதில்லை. உருகிய பாறைக் குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்தில் மிக மெதுவாக ஆறும்போது, அதிலுள்ள கனிமங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய படிகங்களாக வளர்கின்றன. ஜூபிலி ஹில்ஸில் உடைந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தால் மூன்று பொருள்கள் தெளிவாகத் தெரியும். கண்ணாடிச் சில்லுபோல் இருப்பது குவார்ட்ஸ்; சாம்பலாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது ஃபெல்ஸ்பார்; மினுக்கும் கருந்தகடு மைக்கா, நம் ஊரில் காக்காப்பொன் என்கிற அதே குடும்பம். பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ஸ்பாருக்குள் நுண்ணிய இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும் இடங்களில் கல் சிவப்புச் சாயல் பெறுகிறது. ஹைதராபாத்தில் சாம்பல், இளஞ்சிவப்பு இரண்டும் அருகருகே கிடைக்கும். ஆங்காங்கே இந்தக் கல்லைக் கீறிக்கொண்டு டாலரைட் என்னும் கரும்பாறை, நீண்ட சுவர்போல ஊடுருவி நிற்கும். நிலத்தடி நீரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சுவர்கள் மறுபடி வரும்.

ஆழத்தில் பிறந்த பாறை மேலே வந்தது எப்படி? மேலிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறையை மழையும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போயின. மேல்சுமை குறையக் குறைய, அழுத்தப்பட்டிருந்த கிரானைட் சற்றே விரிந்தது. விரிந்தபோது மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் விழுந்தன. வெங்காயம் உரிவதுபோல் தகடு தகடாகக் கழன்ற மேடுகளை இப்போதும் ராய்துர்கம் பக்கம் பார்க்கலாம். இந்தக் கிடைமட்ட வெடிப்புகளோடு செங்குத்து வெடிப்புகளும் சேர்ந்ததால், பாறை பெரிய பெரிய கட்டங்களாகப் பிரிந்தது. இதுவரை உருண்டை எதுவும் இல்லை. மூலை முடுக்கெல்லாம் கூராக இருக்கும் கட்டங்கள்தான்.

உருண்டையாக்கும் வேலையைச் செய்தது வெடிப்புகளுக்குள் இறங்கிய மழைநீர். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கரைந்த நீர் இலேசான அமிலத்தன்மை உடையது. அது ஃபெல்ஸ்பாரோடு வினைபுரிந்து அதைக் களிமண்ணாக மாற்றுகிறது. குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் மணலாக உதிர்கிறது. கட்டத்தின் முகத்தை நீர் ஒரு பக்கத்திலிருந்து தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்து, மூலையை மூன்று பக்கங்களிலிருந்து. மூலைகள் முதலில் கரைகின்றன, விளிம்புகள் பின்தொடர்கின்றன. நடுவில் எஞ்சுவது உருண்டை. இது பெரும்பாலும் நிலத்துக்கு அடியில், யாரும் பார்க்காமலே நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு நிலமட்டம் தாழ்ந்து, உதிர்ந்த மணலும் களிமண்ணுமான மொரம்பு அடித்துச் செல்லப்படும்போது, கரையாத உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே வருகின்றன. இங்கிலாந்தின் டார்ட்மூர் பாறைக் குவியல்களுக்கு இந்த இருகட்ட விளக்கத்தை 1955இல் டேவிட் லின்டன் என்ற புவியியலாளர் முன்வைத்தார். குளிர்நாட்டுப் பாறைக்கு எழுதப்பட்ட விளக்கம் என்றாலும், வெப்பமும் மழையும் கூடிய தக்காணத்துக்கே அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு சிறு முனையில் நிற்பதுபோல் தெரியும் பாறைகளைக் கண்டு, யாரோ தூக்கி வைத்தார்கள் என்றோ எங்கிருந்தோ உருண்டு வந்து நின்றுகொண்டது என்றோ நினைப்பது இயல்பு. உலகைப் படைத்து முடித்த கடவுள் மிச்சக் கற்களை இங்கே கொட்டிவிட்டுப் போனார் என்று ஹைதராபாத்தில் ஒரு கதையும் உண்டு. ஆனால் அந்தக் கற்கள் இடம் பெயர்ந்தவை அல்ல. மேற்கல்லும் கீழ்க்கல்லும் ஒரே பாறையின் இரண்டு கட்டங்கள். இடையிலிருந்த வெடிப்பு அகன்றதால் பிரிந்தவை. தொடும் பரப்பு பார்வைக்குச் சிறியதாக இருந்தாலும் பெரும்பாலும் தட்டையானது. கல்லின் எடை மையம் அந்தப் பரப்புக்கு நேர் மேலே இருக்கும்வரை அது அசையாது. அப்படி அமையாத கற்கள் எப்போதோ விழுந்துவிட்டன. நிற்பவை மட்டுமே நம் கண்ணில் படுகின்றன. மாமல்லபுரத்தில் கடற்கரைக்கு அருகே சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான், கல்லின் கலவையில் வேறுபாடு இருந்தாலும். துங்கபத்திரைக் கரையில் ஹம்பியைச் சூழ்ந்துள்ள பாறைக்குன்றுகள் ஹைதராபாத் பாறைகளுக்கு நெருங்கிய உறவு.

இனி ஏரி. துர்கம் செருவு இயற்கையாகத் தோன்றியதல்ல, கட்டப்பட்டது. ஆனால் கட்டியவர்களுக்குப் பாதி வேலையைப் பாறை முன்பே முடித்து வைத்திருந்தது. குன்றுகளுக்கு இடையே வெடிப்புகள் நெருக்கமாக இருந்த பகுதிகள் வேகமாக அரிக்கப்பட்டுப் பள்ளமாயின. பள்ளத்தின் இரு பக்கமும் பாறைச் சுவர். நீர் வெளியேறும் வாய் மட்டும் குறுகலாக இருந்தது. அந்த வாயில் ஒரு கரை போட்டால் போதும், ஏரி தயார். தமிழ்நாட்டுச் சமவெளி ஏரிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் நீளும் பிறை வடிவக் கரைகள் தேவைப்பட்டதை நினைத்தால், இது எவ்வளவு மலிவான ஏற்பாடு என்பது புரியும். தக்காணத்தின் ஆயிரக்கணக்கான செருவுகளில், அதாவது ஏரிகளில், பல இத்தகைய பாறைவாய்களில் அமைந்தவை.

குதுப்ஷாஹி மன்னர்கள் காலத்தில் கோல்கொண்டா கோட்டைக்குக் குடிநீர் துர்கம் செருவிலிருந்துதான் போனது. கோட்டை சில கிலோமீட்டர் தெற்கே, தாழ்வான பக்கத்தில் இருப்பதால் சுட்ட மண் குழாய்கள் வழியாக நீர் தன் போக்கில் ஓடி அடிவாரத்தை அடைந்தது. அங்கிருந்து சுமார் 120 மீட்டர் உயரமான பாறைக்குன்றின் மேல் ஏற்ற, பாரசீகச் சக்கரங்களைக் கொண்டு படிப்படியாக இறைத்தார்கள். ஏரியின் உபரிநீர் மல்கம் செருவு வழியாக மூசியை நோக்கி இறங்கும். மூசி நல்கொண்டா மாவட்டத்தில் வாடபள்ளி அருகே கிருஷ்ணாவில் கலக்கிறது. ஒரு ஏரி நிறைந்து வழிந்தால் அடுத்தது நிறையும் இந்தத் தொடர் அமைப்பு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 1562 வாக்கில் இப்ராஹிம் குலி குதுப்ஷா காலத்தில் வெட்டப்பட்ட ஹுசைன் சாகரும் இதே போன்ற நீர்வழி ஒன்றை நம்பி உருவானதுதான். அந்த ஏரிக்கு நடுவே நிற்கும் 18 மீட்டர் புத்தர் சிலையும் இந்த வட்டாரத்துக் கிரானைட். புவனகிரி அருகே ராயகிரியில் ஒரே கல்லில் வெட்டியது. 1990 மார்ச்சில் மிதவையில் கொண்டுபோகும்போது சரிந்து ஏரிக்குள் மூழ்கிய அது, 1992 டிசம்பரில்தான் நிமிர்ந்து நின்றது. சரிவில் பலர் உயிரிழந்தனர்.

பாறை நிலத்தில் மழை என்ன ஆகிறது என்பதில்தான் இந்தப் புறநகரின் நல்லதும் கெட்டதும் அடங்கியிருக்கின்றன. ஹைதராபாத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் பெய்கிறது. ஒரு ஏக்கரில் 80 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 32 லட்சம் லிட்டர். வெற்றுப் பாறையில் விழுவது உடனே வழிந்தோடும். ஆனால் உருண்டைக் குவியலில் அப்படி நேராக ஓட முடியாது. கல்லுக்குக் கல் தடுக்கிச் சந்துகளில் இறங்கி, குன்றின் காலடியில் சேர்ந்திருக்கும் மொரம்புத் திட்டில் ஊறுகிறது. ஊறியது வாரக்கணக்கில் கசிந்து ஏரிக்கு வருகிறது. மழை நின்று நெடுநாள் கழித்தும் ஓடையில் மெல்லிய நீரோட்டம் இருந்ததற்கு இந்தக் கசிவே காரணம்.

மொரம்புக்குக் கீழே கதை வேறு. சிதைந்த மேலடுக்கு சாதாரணமாக 10 முதல் 20 மீட்டர். அதற்கடுத்து வெடிப்பு விழுந்த பாறை. அதற்கும் கீழே ஈரம் புகாத திடப்பாறை. நீர் தங்குவது முதல் இரண்டு அடுக்குகளில் மட்டும், அதுவும் அவற்றின் பருமனில் நூற்றுக்கு ஓரிரு பங்கு அளவுக்குத்தான். டாலரைட் சுவர் குறுக்கே நின்றால் ஒரு பக்கக் கிணற்றில் நீர் இருக்கும், மறுபக்கம் இருக்காது. ஹைதராபாத்தின் உப்பல் பகுதியிலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அருகிலுள்ள மகேஸ்வரம் வட்டாரத்தில் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் இந்த அடுக்கு அமைப்பை விரிவாகப் பதிவு செய்தன. ஆயிரம் அடிக்குப் போர் போட்டால் தண்ணீர் நிச்சயம் என்ற நம்பிக்கைக்குப் பாறை ஒத்துழைப்பதில்லை. ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறைகின்றன. ஆழத்தில் கிடைக்கும் நீரும் பெரும்பாலும் மேலடுக்கிலிருந்து இறங்கியதுதான்.

வெயிலில் தொடமுடியாத அளவுக்குச் சுடும் பாறை, உயிர்களுக்கு ஒவ்வாத இடம்போலத் தோன்றும். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு சந்தும் ஒரு தனி வாழிடம். திறந்த முகத்தில் பாசிக்காளான் படலம் சாம்பலும் ஆரஞ்சுமாகப் படர்கிறது. அதன் அமிலம் கல்லை மேலும் இளக்குகிறது. மழைக்காலத்தில் பாறைக்குழிகளில் தேங்கும் நீர் சில வாரங்களில் வற்றிவிடும், அதற்குள் சிற்றுயிர்கள் முட்டையிட்டுத் தலைமுறையை முடித்துக்கொள்கின்றன. வெடிப்பில் விழுந்த ஆல விதை, அரச விதை வேரை ஆழத்துக்கு இறக்கிப் பாறையைப் பிளக்கிறது. குன்றின் சரிவில் உசில், ஈச்சை, பனை. அமெரிக்காவிலிருந்து வந்து இந்த மண்ணைத் தன் சொந்தமாக்கிக்கொண்ட சீத்தா எல்லா இடத்திலும் இருக்கிறது. தெலங்கானாவில் அது தோட்டப் பயிர் என்பதைவிடப் பாறைக் காட்டுப் பயிர். உச்சியில் பாறை ஓணான் தலையசைக்கும், சந்தில் உடும்பு பதுங்கும். கொம்பன் ஆந்தை பாறை விளிம்பில் கூடு கட்டாமல் நேரடியாகத் தரையில் முட்டையிடும். ஜூபிலி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ் இரண்டுக்கும் இடையில் சுமார் 390 ஏக்கரில் 1998இல் அறிவிக்கப்பட்ட காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்கா இந்தப் புதர்க்காட்டின் மிச்சம். அங்கே மயில்கள் ஏராளம். ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் புள்ளிமானும் நட்சத்திர ஆமையும் இருக்கின்றன.

நகரின் வடமேற்கே உள்ள அமீன்பூர் ஏரி, பாறைக்குன்றும் நீரும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல சான்று. ஆழமில்லாத இந்த ஏரியில் பூநாரைகள் உட்பட வலசைப் பறவைகள் இறங்குவதால் 2016 நவம்பரில் அது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற நீர்நிலை ஒன்றுக்கு நாட்டில் கிடைத்த முதல் அறிவிப்பு அது. ஒரு காலத்தில் 300 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி அப்போது 93 ஏக்கராகச் சுருங்கியிருந்தது என்பதும் அதே அறிவிப்பின் கதைதான்.

துர்கம் செருவின் பிரச்சினை பரப்பைவிட நீரின் தன்மையில் இருக்கிறது. ஊற்றுக் கசிவு குறைந்த இடத்தைக் கழிவுநீர் நிரப்பியது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கும் ஆகாயத் தாமரைக்கும் உரம். பகலில் பாசி ஆக்சிஜன் வெளியிடும். இரவில் அதுவும் சுவாசிக்கிறது, இறந்த பாசியை மக்கவைக்கும் பாக்டீரியாக்களும் சுவாசிக்கின்றன. விடியற்காலையில் நீரில் கரைந்த ஆக்சிஜனின் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். முதல் மழை அடித்துவரும் அழுக்கும் அதே வேளையில் சேர்ந்தால் ஒரே இரவில் மீன்கள் செத்து மிதக்கும். கரையோரத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் இந்த அபாயம் முற்றாக நீங்கவில்லை. சுத்திகரித்த நீரிலும் உரச்சத்து மிஞ்சுகிறது. அதைக் கழுவிவிட வேண்டிய பழைய நீரோட்டமோ இப்போது இல்லை.

பாறைக்கு வந்த ஆபத்து 1998 நவம்பரில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டதிலிருந்து வேகமெடுத்தது. அதற்கு முன்பு கட்டடத்துக்கு வேண்டிய கல்லை உடைத்தார்கள். பிறகு கட்டடத்துக்கு வேண்டிய இடத்துக்காக உடைத்தார்கள். அடுக்குமாடிகளின் வாகன நிறுத்தத்துக்காக நிலத்துக்குக் கீழே மூன்று நான்கு தளங்கள் தோண்டும்போது மொரம்பு அடுக்கு முழுவதுமாக அள்ளப்பட்டு, சுற்றியுள்ள நிலத்தடி நீரும் அந்தக் குழிக்குள் கசிகிறது. அதை மோட்டார் வைத்துச் சாலையோரக் கால்வாயில் இறைத்துக் கொட்டுகிறார்கள். மழையை ஊறவைத்த குன்று இல்லாமல் போனால் அந்த மழை சாலையில்தான் ஓடும். 2000 ஆகஸ்ட் 24 அன்று ஒரே நாளில் 24 சென்டிமீட்டர், 2020 அக்டோபர் நடுவில் ஒரே நாளில் 19 சென்டிமீட்டர் மழை பெய்தபோது நகரின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. இவ்வளவு பெரிய மழையைப் பாறைக் குன்றுகள் முழுதாகத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. 1908 செப்டம்பர் 28 மூசி வெள்ளம், குன்றுகள் எல்லாம் நின்ற காலத்திலேயே பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அதன் விளைவாகத்தான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் திட்டப்படி உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. நடுத்தர மழைக்கே சாலை ஆறாகும் இன்றைய நிலைக்குத்தான் குன்றுகளின் இழப்பு நேரடிக் காரணங்களில் ஒன்று.

பாறைகளைக் காக்க வேண்டும் என்ற குரல் நகருக்குள்ளேயே எழுந்தது. 1996இல் பாறைகளுக்காகவே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதன் முயற்சியால் 1990களின் இறுதியில் ஒன்பது பாறை அமைப்புகள் நகர்ப்புற வளர்ச்சி விதிகளின்கீழ் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. துர்கம் செருவைச் சூழ்ந்த குன்றுகளும் ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்துக் காளான் பாறையும் அவற்றில் அடங்கும். இயற்கைப் பாறையைக் கோட்டை கொத்தளத்துக்குச் சமமாக ஒரு இந்திய நகரம் பட்டியலிட்டது அபூர்வமான செயல். அந்த விதி 2015இல் நீக்கப்பட்டு, 2017இல் தெலங்கானா பாரம்பரியச் சட்டம் வந்தது. 2025 மார்ச் இறுதியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபவுலி நிலம் 400 ஏக்கரில் இயந்திரங்கள் இறங்கி, சுமார் 100 ஏக்கர் அளவுக்கு மரங்கள் சாய்க்கப்பட்ட பிறகு, ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்த உத்தரவிட்டது.

ஏரிகளுக்குச் சட்டப்படி ஒரு கோடு உண்டு: முழுக் கொள்ளளவில் நீர் எட்டும் மட்டமும், பெரிய ஏரிகளில் அதற்கு வெளியே 30 மீட்டர் காப்பு வளையமும். 2024இல் உருவான ஹைட்ரா என்னும் அமைப்பு மாதாப்பூர் உட்படப் பல இடங்களில் இந்தக் கோட்டுக்குள் எழுந்த கட்டடங்களை இடித்தது. கோடு நீரைச் சுற்றித்தான் போடப்படுகிறது. நீரை அனுப்பும் குன்று பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே, மனைப் பட்டாவுக்குள் இருக்கிறது. அங்கே முடிவு மனைக்காரர் கையில். ஜூபிலி ஹில்ஸில் சில வீடுகள் உருண்டைகளை உடைக்காமல் அவற்றை ஒட்டியே கட்டப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் வரவேற்பறைச் சுவரே பாறைதான். வெடிவைக்கும் செலவு மிச்சம், அடித்தளத்துக்குத் திடப்பாறை கிடைக்கிறது, பாறையைச் சுற்றியுள்ள மொரம்பைச் சிமெண்ட் போட்டு மூடாமல் விட்டால் மனைக்குள் விழும் மழையும் அங்கேயே இறங்குகிறது.